நடுவில் ஒரு அலமாரி

அந்தப் பெண்ணுக்கு டி கிரேடு போட்டிருந்தார்கள்.

பாடம், கிரியேட்டிவ் ரைட்டிங். கதை எழுதச் சொல்லித் தருகிற வகுப்பு. அதில்தான் டி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தட்டுத் தடுமாறி ஜஸ்ட் பாஸ்.

இடம், அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த துல்சா நகரம். காலம், 1960களின் நடுப்பகுதி. பெண்ணின் பெயர் சூசன் எலோயிஸ் ஹின்டன். வகுப்பில் கோட்டை விட்டாளே தவிர, அவள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள்.

1967ல் அந்த நாவல் புத்தகமாக வந்தது. பெயர், ‘தி அவுட்சைடர்ஸ்’. இதுவரை விற்ற பிரதிகள் 1.4 கோடிக்கும் மேல். 1983ல் சினிமாவாக வந்தது. பிராட்வேயில் இசை நாடகமாகி, 2024ல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் வாங்கிவிட்டது. டி கிரேடு!

எதற்காக எழுதினாய் என்று அந்தப் பெண்ணை, பிறகு அந்த அம்மாளை, எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதிலின் சாரம் ஒன்றுதான். படிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதினேன்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

*

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் போலவே பி.காம். இரண்டாம் வருஷம். காப்பி வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“அங்கிள், டீன் ஏஜ் பசங்களுக்கு ஒரு நாவல் எழுதலாம்னு இருக்கேன். தமிழ்ல. அதுக்கு முன்னாடி என்னென்ன படிக்கணும்?”

நான் ‘பொன்னியின் செல்வன்’ என்று ஆரம்பித்தேன். “அது படிச்சாச்சு அங்கிள். நான் கேக்கறது அது இல்ல” என்று கையமர்த்திவிட்டு, செல்போனை நீட்டினாள். ஏதோ ஒரு பட்டியல். உலகின் தலைசிறந்த இளையோர் நாவல்கள் நூறு.

“இதுல நூறு இருக்கு. எல்லாமே பெஸ்ட்டாம். நூறும் எப்படி அங்கிள் பெஸ்ட்டா இருக்கும்? நான் எதுல ஆரம்பிக்கறது?”

நியாயமான கேள்வி. ஆங்கிலப் புத்தகக் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். ‘யங் அடல்ட்’ என்று தனியே ஒரு அலமாரி வைத்திருப்பார்கள். பளபளவென்று அட்டைகள். எது சரக்கு, எது வெறும் ஜிகினா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. படிக்கிறவனுக்கே குழப்பம். எழுதப்போகிறவளுக்குக் கேட்கவா வேண்டும்?

அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த அலமாரியை முதலில் யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்று தெரிந்தால், எந்தப் புத்தகத்தை உருவுவது என்பதும் தெரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. இந்த வாரக் கதை அதுதான்.

*

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நூலகங்களில் இரண்டே பிரிவுகள். குழந்தைகளுக்கு ஓர் அறை. பெரியவர்களுக்கு ஓர் அறை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகிற வயதில் ஒரு விபத்து நடந்தது. பையன்கள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பதினாலு வயசுப் பையனுக்கு முயல் கதை கொடுத்தால் அவமானம். தடித்தடியாகப் பெரியவர்கள் புத்தகத்தைக் கொடுத்தால் தூக்கம். நடுவில் அவனுக்கென்று ஒன்றுமில்லை. கதவுக்கு வெளியே கால்பந்து இருக்கிறது. போய்விட்டான்.

இதை முதலில் கவனித்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. பதிப்பாளர்களும் இல்லை. நூலகத்தில் வேலை பார்த்த சில பெண்கள்.

ஒருவர் நியூயார்க் பொது நூலகத்தின் மேபல் வில்லியம்ஸ். பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து வேலை செய்து, அந்த வயதுப் பிள்ளைகள் உண்மையில் எதை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்தார். 1929ல் நியூயார்க் நூலகம் இளையோருக்கென்று ஒரு புத்தகப் பட்டியலை வெளியிட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். பிறகு பல பத்தாண்டுகள் வருஷம் தவறாமல் வந்த பட்டியல் அது.

இன்னொருவர் பால்டிமோர் நகரத்து ஈனக் பிராட் நூலகத்தின் மார்கரெட் எட்வர்ட்ஸ். டெக்சாஸ்காரர். பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு 1932ல் நூலகத்துக்கு வந்தவர். முப்பது வருஷம் அங்கேயே இருந்தார்.

இந்த அம்மாளிடம் வேலைக்குச் சேருவது சுலபமில்லை. விடலைப் பருவத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வருபவர்கள் முதலில் முந்நூறு புத்தகங்கள் படித்தாக வேண்டும். சும்மா படித்தேன் என்று சொன்னால் விடமாட்டார். எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வார். இந்தப் புத்தகத்தை எந்தப் பையனுக்குக் கொடுப்பாய்? கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பாய்? நீ படிக்காத புத்தகத்தைப் பற்றி இன்னொருவனுக்கு ஆசை மூட்ட முடியாது என்பது அவருடைய கட்சி.

அதோடு விட்டாரா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு குதிரை வண்டியைப் பிடித்து, அது நிறையப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, நூலகம் எட்டிப் பார்க்காத ஏழைத் தெருக்களுக்குள் போனார். காய்கறி வண்டி வருவதுபோல் புத்தக வண்டி.

சரி, அந்த வண்டியில் என்ன புத்தகங்கள் இருந்திருக்கும்? இங்கேதான் விசேஷம். விடலைப் பருவத்தினருக்கென்றே எழுதப்பட்ட நல்ல நாவல் என்று அன்றைக்கு விரல்விட்டு எண்ணும்படிகூட இல்லை. பெரியவர்களுக்கு எழுதியதில் இவர்களுக்கு எது ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அலமாரி தயார். பெயர்ப்பலகையும் தயார். சரக்குதான் இல்லை.

1942ல் மொரீன் டேலி என்கிற கல்லூரி மாணவி எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ வந்தது. ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் முதல் காதல். பதிப்பகம் அதைப் பெரியவர்கள் நாவலாகத்தான் வெளியிட்டது. எடுத்துப் படித்ததோ பள்ளிக்கூடப் பெண்கள். 1951ல் சாலிங்கரின் ‘தி கேட்சர் இன் தி ரை’. அதுவும் பெரியவர்களுக்காக வந்ததுதான். இளைஞர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

1957ல் அமெரிக்க நூலகச் சங்கத்தில் ‘யங் அடல்ட்’ சேவைக்கென்று தனிப்பிரிவே ஏற்பட்டது. இலக்கியம் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பாகவே அதற்கு இலாகா பிறந்துவிட்டது. அரசாங்கத்தில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தேன். நல்ல காரியத்துக்கும் நடக்கும் போலிருக்கிறது.

*

இப்போது துல்சாவுக்குத் திரும்புவோம்.

சூசன் ஹின்டன் நிறையப் படிக்கிற பெண். நூலகத்தில் குழந்தைகள் அறையை முடித்துவிட்டாள். அடுத்து? குதிரைக் கதைகள் இருந்தன. பள்ளி நடன விழாவுக்கு எந்தப் பையனோடு போவது என்று கவலைப்படுகிற பெண்களின் கதைகள் இருந்தன. அவள் பள்ளிக்கூடத்தில் கண்ணால் பார்த்தது அது இல்லை.

அங்கே பணக்காரப் பையன்கள் ஒரு கூட்டம். ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம். எண்ணெய் தடவி வாரிய தலையோடு திரிகிற ஏழைப் பையன்களுக்கு ‘கிரீஸர்’ என்று பெயர். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. ஒருநாள் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த அவளுடைய நண்பன் ஒருவனைப் பிடித்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். காரணம், அவன் கிரீஸர்.

வீட்டுக்கு வந்தாள். எழுத உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பெரும்பகுதியை எழுதியது பதினாறில். அதே சமயம் அப்பாவுக்கு மூளையில் புற்றுநோய். அவள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் இறந்துபோனார். நாவலில் வருகிற பையன்களுக்கு அப்பா அம்மா இல்லை. மூன்று அண்ணன் தம்பிகள், அவ்வளவுதான். அந்த வீட்டின் வெறுமை எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தோழியின் அம்மா மூலம் கையெழுத்துப் பிரதி நியூயார்க் ஏஜெண்ட் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. வைக்கிங் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டமளிப்பு நடந்த நாளில் ஒப்பந்தம் கைக்கு வந்தது. ஒரே ஒரு மாற்றம். சூசன் என்று போட்டால், பையன்கள் சண்டையைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று விமரிசகர்கள் ஒதுக்கிவிடுவார்கள். எஸ்.ஈ. ஹின்டன் என்று இனிஷியலோடு நிறுத்தினார்கள்.

புத்தகம் வந்ததும் ஊரே கொண்டாடிவிட்டதா? ம்ஹூம். பெரியவர்கள் நாவல்களோடு சேர்த்து வைத்து விற்றுப் பார்த்தார்கள். சுமாராகத்தான் போயிற்று. ஆனால் வேறொரு இடத்தில் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. விசாரித்தால், பள்ளிக்கூடங்கள். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பையன்களுக்கு ஆசிரியர்கள் இதைக் கொடுக்கிறார்கள், அவன்கள் படிக்கிறான்கள்! அப்போதுதான் பதிப்பகத்துக்கே புரிந்தது. இப்படி ஒரு வாசகன் இருக்கிறான். அவனுக்குக் கடைபோட வேண்டும்.

அந்த வருஷமே ஹின்டன் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். டீன் ஏஜ் புத்தகங்கள் எங்கள் நிஜத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன என்பது அதன் உள்ளடக்கம். வயது பத்தொன்பது.

பிறகு ஒரு கண்டம். இத்தனை புகழைப் பார்த்ததும் அவருக்கு எழுத்தே ஓடவில்லை. சில வருஷம் ஒரு வரி வரவில்லை. அவருடைய காதலர், பின்னாளில் கணவர், ஒரு நிபந்தனை போட்டார். தினம் இரண்டு பக்கம் எழுது. எழுதினால்தான் வெளியே கூட்டிக்கொண்டு போவேன். 1971ல் இரண்டாவது நாவல் வந்துவிட்டது. எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். காதலிக்கிறவர்கள் இரண்டு கோடு போட்டுக்கொள்ளலாம்.

சினிமா எப்படி வந்தது தெரியுமா? கலிபோர்னியாவில் லோன் ஸ்டார் என்றொரு சின்னப் பள்ளி. அதன் நூலகர் ஜோ எலன் மிசாகியன், மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் அனுப்பினார். இந்த நாவலை நீங்கள் படமாக எடுக்க வேண்டும் என்று. யாருக்கு? ‘காட்ஃபாதர்’ எடுத்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு. மனுஷர் எடுத்தார். மறுபடியும் பாருங்கள், ஒரு நூலகர்.

*

‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால், எழுதுகிறவருக்கு ஒரு வித்தை பிடிபடும்.

ஹார்ப்பர் லீ கதையைச் சொல்லுகிறவள் வளர்ந்துவிட்ட ஸ்கவுட். சின்ன வயதில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறாள். அன்றைக்குப் புரியாதது இன்றைக்கு அவளுக்குப் புரிந்திருக்கிறது. ஹின்டனின் போனிபாய்க்கு வயது பதினாலு. காயம் ஆறுவதற்கு முன்னால் பேசுகிறான். திரும்பிப் பார்ப்பதற்கு அவனுக்குத் தூரமில்லை. இரண்டுமே நல்ல நாவல்கள். ஆனால் விடலைப் பருவத்து நாவல் என்பது இந்தத் தூரமின்மையில்தான் இருக்கிறது. கதாபாத்திரத்துக்கு வயது பதினாறு என்று போட்டுவிட்டால் ஆகிவிடாது.

இன்னொரு வேடிக்கை. நாவல் முடிகிற இடத்தில்தான் தெரியும், போனிபாய் இதையெல்லாம் எழுதியது இங்கிலீஷ் வகுப்புக்கான கட்டுரையாக! நிஜத்தில் எழுதியவருக்கு அந்த வகுப்பில் என்ன கிரேடு என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

*

அடுத்த ஆள் நம் தொழில்காரர். ராபர்ட் கார்மியர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்துப் பத்திரிகையாளர்.

அவருடைய மகன் படித்த பள்ளியில் நிதி திரட்ட மாணவர்களிடம் சாக்லேட் கொடுத்து விற்றுவரச் சொன்னார்கள். பையன் விற்க முடியாது என்றான். அப்பா சம்மதித்தார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, சாக்லேட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். விஷயம் அதோடு முடிந்தது. யாரும் பையனை ஒன்றும் சொல்லவில்லை.

முடியாதது அப்பாவின் மண்டைக்குள். ஒருவேளை சும்மா விடாமல் இருந்திருந்தால்? மொத்தப் பள்ளியும் அவனுக்கு எதிராகத் திரும்பியிருந்தால்? ‘தி சாக்லேட் வார்’ பிறந்தது.

அதில் பையன் ஜெயிக்கவில்லை. அடிபட்டு விழுகிறான். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. முடிவை மாற்றித் தாருங்கள், போடுகிறோம் என்றார்கள். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் அநியாயம் ஜெயிக்கலாமா? கார்மியர் மாற்றவில்லை. கடைசியில் பாந்தியன் பதிப்பகம் அப்படியே வெளியிட்டது. வருஷம் 1974. பல பள்ளிகளில் இன்றைக்கு வரைக்கும் தடை, வழக்கு, ரகளை. படிக்கிறவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. 1977ல் வந்த ‘ஐ ஆம் தி சீஸ்’ நாவலில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண் வரும். வாசகப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? போன் போட்டார்கள். மறுமுனையில் எடுத்தவர் கார்மியர். அது அவர் வீட்டு நம்பர்! கூப்பிட்டவர்களோடு பேசினார். வருஷக்கணக்கில். வாசகன் எந்த வயசு என்று பார்க்காமல், மனுஷன் என்று பார்த்தவர்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 1971ல் ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ என்று ஒரு புத்தகம். போதைக்கு அடிமையாகிச் செத்துப்போன ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் நிஜ டைரி என்றார்கள். எழுதியவர் பெயர் இல்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் நம்பி அழுதார்கள். பிறகுதான் வெளிவந்தது, பின்னால் இருந்தவர் பீட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்கிற நடுத்தர வயதுப் பெண்மணி. புத்திமதி சொல்ல அவர் எடுத்துக்கொண்ட வேஷம் அது. அமோக விற்பனை. அலமாரியில் இரண்டு புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்று பிள்ளையோடு பேசுகிறது. இன்னொன்று பிள்ளையின் குரலைத் திருடிக்கொண்டு பிள்ளைக்கே உபதேசம் செய்கிறது. எழுதப்போகிறவர்கள் இரண்டையும் படிக்கலாம். எந்தப் பக்கம் சாயக்கூடாது என்று தெரிந்துகொள்ளவாவது.

*

அலமாரி நிரம்பிவிட்டதா? நிரம்பியது. எல்லாருக்கும் இல்லை.

வால்டர் டீன் மையர்ஸ் நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினப் பையன். புத்தகப் பைத்தியம். ஆனால் படித்த எதிலும் அவனைப் போல் ஒருவன் இல்லை. மெல்ல மெல்லப் படிப்பில் ஆர்வம் போயிற்று. பள்ளியை விட்டான். பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். வெகுகாலம் கழித்து ஜேம்ஸ் பால்ட்வினின் ஒரு சிறுகதை கையில் கிடைத்தது. ஹார்லெம் கதை. நம் தெருவைப் பற்றியும் எழுதலாம் போலிருக்கிறதே என்று அன்றைக்குத்தான் தோன்றியது என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய ‘மான்ஸ்டர்’ 1999ல் வந்தது. கொலை வழக்கில் சிக்கிச் சிறையில் இருக்கிற பதினாறு வயதுப் பையன், தன் கதையைத் தானே சினிமாத் திரைக்கதையாக எழுதிப் பார்க்கிறான். இளையோர் இலக்கியத்துக்கான பிரிண்ட்ஸ் விருது 2000ல் தொடங்கியபோது, முதல் விருது இதற்குத்தான்.

2014ல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், மையர்ஸ் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டி எழுதினார். முந்தைய வருஷம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 3,200 சிறார் புத்தகங்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை வெறும் 93. இத்தனை வருஷம் எழுதியும் நிலைமை இது. விழுந்துபோன ஒரு பையனின் கணக்காக அதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு புள்ளிவிவரம். 2012ல் பௌக்கர் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, யங் அடல்ட் புத்தகங்களை வாங்குகிறவர்களில் 55 சதவிகிதம் பேர் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். ஹாரி பாட்டருக்குப் பின்னால் வந்த அலை. பெரியவர்கள் படிப்பதில் தப்பொன்றுமில்லை. ஆனால் விற்பனைப் பட்டியலைப் பார்த்துப் புத்தகம் பொறுக்குகிற எழுத்தாளர், பதினைந்து வயதுக்காரன் எதைப் படிக்கிறான் என்று தெரிந்துகொள்வதாக நினைத்து, நாற்பது வயதுக்காரர் எதை வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டிருக்கக்கூடும்.

அப்புறம் எதை நம்புவது? விருதுகளின் பெயரைக் கவனியுங்கள். பிரிண்ட்ஸ் என்பவர் எழுத்தாளர் இல்லை. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் ஒரு பள்ளி நூலகர். வாழ்நாள் பங்களிப்புக்கான விருது, குதிரை வண்டி மார்கரெட் எட்வர்ட்ஸ் பெயரில் இருக்கிறது. 1988ல் அதை முதலில் வாங்கியவர் யார்? நம் எஸ்.ஈ. ஹின்டன். பெரியவர்களுக்கு எழுதியதில் இளையோருக்குப் பிடிக்கும் பத்துப் புத்தகங்களை வருஷாவருஷம் பொறுக்கிக் கொடுக்கிற ‘அலெக்ஸ்’ விருதும் அவர் பெயர்தான். நண்பர்கள் அவரை அலெக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் வழிவந்த பட்டியல்கள் இவை. தேடுகிறவர் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

*

கடைசியாக ஒரு புத்தகம். நம் ஊர்ச் சம்பந்தம் உள்ளது.

சென்னையில் பிறந்து, கடல் ஆய்வாளராகி, அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன் 2008ல் வெளியிட்ட ‘கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்’. இரண்டாம் உலகப் போர்க் காலம். அப்பா போலீஸ் அடியில் மூளை கலங்கிப்போக, பதினைந்து வயது வித்யாவின் குடும்பம் பம்பாயிலிருந்து சென்னைக்குத் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறது. அந்த வீட்டில் ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. புத்தகங்கள் மாடியில். படியேறிப் படிக்க அனுமதி கேட்கிறாள் அந்தப் பெண்.

இதையெல்லாம் நண்பரின் மகளிடம் சொன்னபோது, எனக்கு என் வயசு ஞாபகம் வந்தது. எங்கள் தலைமுறைக்குக் கீழ்த்தளத்தில் அம்புலிமாமா, கோகுலம், முத்து காமிக்ஸ். அதை முடித்தால் நேரே மாடி. அம்மா படிக்கிற வாரப் பத்திரிகைத் தொடர்கதை, சுஜாதாவின் கணேஷ் - வசந்த். நடுவில் படியே கிடையாது. தாவினோம். தாவ முடிந்தவர்கள் வாசகர்கள் ஆனோம். முடியாமல் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. இப்போதுதான் இளையோர் நாவல் என்று சொல்லித் தமிழில் சிலர் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

அவளிடம் நான் கொடுத்தது ஐந்தே பெயர்கள். ஹின்டன், கார்மியர், ஆலிஸ் டைரி, மையர்ஸ், பத்மா. கூடவே ஒரு யோசனை. கணக்குப் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற யோசனை.

“ஆடிட் போறவங்க எழுதின கணக்கைச் சரிபார்ப்பாங்க. கெட்டிக்கார ஆடிட்டர், எழுதாம விட்டது என்னன்னு தேடுவார். நீ படிக்கறப்போ ஒரு நோட்டு வெச்சுக்கோ. இடது பக்கம், இதுல என்ன இருக்குன்னு எழுது. வலது பக்கம், என்ன இல்லைன்னு எழுது.”

ஹின்டனின் பதில் ஞாபகமிருக்கிறதல்லவா? படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மையர்ஸுக்கும் அதேதான். அலமாரி முழுக்கத் துழாவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் எங்கே காலியிடம் என்று தெரிந்தது. பட்டியல் தேடுவது எழுதுவதற்கு முந்தைய வேலை என்று நினைக்கிறோம். எழுத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நேற்று மறுபடியும் வந்திருந்தாள். மூன்று புத்தகம் முடித்திருக்கிறாள். நோட்டைக் காட்டினாள். இடது பக்கம் ஒழுங்காக இருந்தது. நான் வலது பக்கத்தைப் பார்த்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி.

ரெண்டு பஸ் மாறி டியூஷன் போகிற பெண்.

அண்ணன் படிப்புக்குக் கடன் வாங்கிவிட்டதால், உனக்கு இல்லை என்று சொல்லிவிட்ட வீடு.

நாலாவதாக ஒரு வரி இருந்தது. நான் படிப்பதற்குள் சட்டென்று கையை வைத்து மறைத்துவிட்டாள்.

“அதைக் காட்ட மாட்டேன் அங்கிள். அதைத்தான் எழுதப்போறேன்.”